சவரிநாதன் கம்பு சுற்றுகிறான்

"அங்கிட்டு என்னடி பார்வை? இங்க பாரு."

வியாகுலமேரி பார்த்தாள்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கொல்லையில் அவள் புருஷன் சவரிநாதன், ஆலங்குடியில் கடலை மண்டி வைத்திருப்பவன், நாற்பத்தாறு வயதில் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு சிலம்பம் ஆடிக்கொண்டிருந்தான். கம்பு ஒரு சுற்றுச் சுற்றினால் தொப்பை ஒன்றரைச் சுற்றுச் சுற்றியது. பத்து வீச்சுக்குள் துருத்தி மாதிரி மூச்சு இரைத்தது.

நேற்றுக் கிணற்றடியில் செவந்தி கேட்டாள்: "ஏக்கா, ஒங்க வீட்டுக்காரரு கம்பைச் சுத்துறாரா, கம்பு அவரைச் சுத்துதா?"

வியாகுலமேரிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரிக்கவில்லை. சிரித்தாள் என்று போய்ச் சொல்ல ஊரில் ஆளா இல்லை?

சமஸ்தானம் இருந்த காலத்தில் தசராவுக்குப் புதுக்கோட்டை போய்க் கம்பு சுற்றியவனாம். சமஸ்தானம் போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகிவிட்டது. ராஜ்யமே கரைந்த பிறகும் தன் இடுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த நினைப்போடுதான் போன வருஷம் ஈஸ்டருக்கு நடக்கிற பாஸ்குத் திருவிழாவில் சந்தனசாமியோடு ஆட இறங்கினான்.

கம்பு நுனியில் கரியைத் தொட்டு ஆடுவது அந்த ஊர் வழக்கம். யார் உடம்பில் அதிகப் பொட்டு விழுகிறதோ அவன் தோற்றவன். சந்தனசாமிக்கு இருபத்தாறு வயது. பஸ் கண்டக்டர். சவரிநாதனின் தொப்பையில் ஏழு பொட்டு வைத்தான். ஏழாவது விழுந்ததும், பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி விசிலை எடுத்து ஊதினான்.

கோயில் மைதானமே சிரித்தது. பங்குச்சாமியார்கூடக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஊருக்கு என்ன, சிரித்துவிட்டுக் கலைந்துவிடும். தோற்றவன் வருவது வீட்டுக்கு.

இந்த வருஷம் சந்தனசாமியை விடுவதில்லை என்று சவரிநாதன் சபதம் போட்டான். தபசுக்காலம் தொடங்கிய நாளிலிருந்து வீடே அவன் உடம்பைத் தேற்றுவதற்காக நடந்தது. அவளும் பிள்ளைகளும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தார்கள். அவனுக்குத் தினம் ஆறு முட்டை, உளுந்தங்களி, வாரத்துக்கு இரண்டு நாள் ஆட்டுக்கால். இதுவும் வைத்தியம்தான் என்று சாமியாரிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தான். கர்த்தர் நாற்பது நாள் பட்டினி கிடந்தார். சவரிநாதனுக்கு அந்த நாற்பது நாளில் இருநூற்று நாற்பது முட்டை.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். தொப்பை குறைந்த பாடில்லை என்றாலும் கை முறுக்கேறியிருந்தது.

சிலம்பம் சொல்லிக்கொடுக்கிற நாகராசு வாத்தியாரும் நேற்று அதைத்தான் சொன்னார்.

"கை பழையபடி வந்துருச்சுங்க. ஆனா நீங்க அடிக்கப் போறது எதிராளிக்கு முன்னாலயே தெரிஞ்சுபோகுது. காலு காட்டிக் குடுக்குதா, கண்ணு காட்டிக் குடுக்குதா, எனக்குப் பிடிபடலை. அத மட்டும் சரிபண்ணிட்டீங்கன்னா, ஒங்க கம்புக்கு ஒருத்தன் தப்ப முடியாது."

அதற்காகத்தான் இன்றைக்கு அவளை இங்கே உட்கார வைத்திருக்கிறான். வாத்தியாருக்கே பிடிபடாதது ஒரு பொம்பளைக்கு எங்கே பிடிபடப்போகிறது என்று அவனே சொல்லிக்கொண்டான். இருந்தாலும் வீட்டில் சும்மா கிடக்கிற இரண்டு கண்தானே. நாலு மணிக்கு எழுந்து சாணி அள்ளி, தண்ணீர் சுமந்து, அவனுக்கு உளுந்து அரைத்த கண் அது.

எதிரே ஊன்றியிருந்த வாழைமரம்தான் சந்தனசாமி. சவரிநாதன் இரைத்துக்கொண்டே அதைச் சுற்றி வந்தான். அடித்தான். மறுபடி சுற்றினான். அடித்தான். மூன்றாவது அடியில் மரம் நடுவில் பிளந்து நீர் வடிந்தது.

"எங்க தெரியுது? சொல்லித் தொலை."

தெரிந்தது. இன்றைக்கு நேற்றல்ல, கல்யாணமான இந்தப் பதினெட்டு வருஷமாகத் தெரியும்.

காலும் இல்லை, கண்ணும் இல்லை. மூச்சு. இரைந்துகொண்டே இருக்கிற மூச்சு, அடிக்கு முன்னால் நின்றுவிடும். ஒன்று, இரண்டு எண்ணுகிற நேரம். பிறகு அடி விழும். கண்ணைக் கொண்டு தேடுகிற வாத்தியாருக்கு அது எப்படி அகப்படும்? அவள் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தபடி முதுகுக்குப் பின்னால் அதைக் கற்றவள்.

அந்த ஒன்று, இரண்டுக்குள் மடியிலிருக்கிற பிள்ளையைத் தரையில் இறக்கிவிடலாம். தலையை இழுத்துக்கொண்டு தோளைக் கொடுக்கலாம்.

சொன்னால் ஜெயிப்பான். ஜெயித்த சந்தோஷம் அவனுக்கு எத்தனை நாளைக்கு வரும்? சொல்லாவிட்டால் தோற்பான். தோற்று வருகிற அன்றைக்கு என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். போன வருஷம் அவள் தோள்பட்டைக் கட்டு அவிழ்க்க ஒன்றரை மாதம் ஆனது.

"ஒண்ணும் தெரியலீங்க," என்றாள்.

"மண்ணு மாதிரி உக்காந்திருந்தா என்ன தெரியும்? போ, போய்க் களியைக் கிண்டு."

அவன் வேறொரு வாழைமரத்தை இழுத்து ஊன்றினான். அவள் உள்ளே போய், வாசல் பக்கம் முதுகைக் காட்டி அடுப்பின்முன் உட்கார்ந்தாள்.

கொல்லையில் மூச்சு இரைந்துகொண்டிருந்தது.

இரைகிறவரைக்கும் பயமில்லை.