முழங்கால் தண்ணீர்

"யாரைக் கேட்டு இதுக்குச் சிவப்பு அடிச்சே?"

மேஜையில் விரித்திருந்த வெள்ள அபாய வரைபடத்தில் ஒரு சின்னக் கட்டத்தை விரலால் குத்திக்கொண்டே கேட்டார் தலைமைப் பொறியாளர். அந்தக் கட்டம், வேலைக்குப் போகிறவர்கள் பகலில் பிள்ளைகளை விட்டுப்போகும் ஒரு குழந்தைகள் காப்பகம். ஊர் முழுக்க அளந்து அந்த வரைபடத்தைப் போட்ட இளம் பொறியாளர் எதிரே நின்றாள்.

"பின்னாலேயே ஓடை ஓடுது சார். ஆறுன்னா மெதுவா ஏறும், தப்பிச்சுப் போக நேரம் கொடுக்கும். இது அப்படியில்ல. மேல மழை கொட்டினா, மூட்டை கட்டறதுக்குள்ள வீட்டுக்குள்ள வந்துடும்."

"வரட்டுமே. எவ்வளவு வரும்?"

"அரை மீட்டர்."

"அதாவது முழங்கால். முழங்கால் வரைக்கும் மஞ்சள், அதுக்கு மேல போனாத்தான் சிவப்பு. விதி அப்படித்தானே?"

"அப்படித்தான் சார். ஆனா அந்த முழங்கால்..."

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல!"

அவர் கொதித்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காப்பகத்தை முன்நின்று கட்டியவர் நகராட்சித் தலைவர். சிவப்பு விழுந்தால் மழைக்காலத்துக்கு முன்பே கட்டடத்தைக் காலி செய்து பிள்ளைகளை மேட்டுப் பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். மஞ்சள் என்றால் வாசலில் ஒரு எச்சரிக்கைப் பலகை மாட்டினால் முடிந்தது. காலையிலேயே தலைவர் போனில் அவரைக் காய்ச்சி எடுத்திருந்தார்.

"உன் பிள்ளைக்கு அங்க இடம் இல்லைன்னுட்டாங்களாமே? அந்தக் கடுப்பைத்தான் வரைபடத்துல காட்டறியா?"

அவள் முகம் சுண்டிப்போனது.

"இடம் கொடுக்கல சார். வீட்டுக்குப் போய் அழுதேன். அது வேற, இது வேற."

"அழுத்தக்காரி! வண்டியில ஏறு. தண்ணி எங்க நிக்கும்னு நானே காட்டறேன்."

வழியெல்லாம் அவர் வாய் ஓயவில்லை. "இடுப்பளவு தண்ணியில நடந்து ஆபீஸ் வந்தவன் நான். முழங்கால் தண்ணிக்கு ஊரைக் கூட்டறே. நாளைக்குச் செருப்பு நனைஞ்சாலும் சிவப்பு அடிப்பே போல!"

அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காப்பகம் ஒரே தளம். மாடிப்படி கிடையாது. உள்ளே இரண்டு பெண்கள் பிள்ளைகளை மேய்க்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று.

தலைமைப் பொறியாளர் அளவுக்கம்பைச் சுவரோரம் டொக்கென்று ஊன்றினார். அரை மீட்டரில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குப் பக்கத்தில் போய்க் காலை ஒட்டி நின்றார். சரியாக முழங்கால்.

"கண்ணைத் திறந்து பாரு! இதுல எவனாவது சாவானா?"

அவள் பதில் சொல்வதற்குள் பிள்ளைகள் ஓடிவந்துவிட்டார்கள். கம்பைப் பார்த்ததும் உயரம் அளக்க ஆள் வந்திருக்கிறது என்று அவர்களுக்கு நினைப்பு.

"எனக்கு ஃபர்ஸ்ட்டு!"

"மாமா, தள்ளாம நிக்கச் சொல்லுங்க இவனை!"

முண்டியடித்துக்கொண்டு சுவரில் முதுகை ஒட்டினார்கள். முதலில் நின்ற பையன் நெஞ்சை நிமிர்த்தினான். கோடு அவன் தொப்புளுக்கு மேலே ஓடியது. அடுத்தவளுக்கு நெஞ்சில். அவள் நுனிக்காலில் எக்கி ஏமாற்றிப் பார்த்தாள். அப்போதும் கோடு பெரிதாக இறங்கவில்லை.

"நான் எவ்ளோ பெரிசு, மாமா?"

தலைமைப் பொறியாளர் கோட்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

கடைசியாக, தவழ்கிற ஒன்று. எல்லோரும் போகிற இடத்துக்குத் தானும் போக வேண்டும் என்று வந்து, நிற்கத் தெரியாமல் சுவரோரம் பொத்தென்று உட்கார்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தது.

அவர் கம்பை மெல்லக் கீழே வைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பிச் சீறினார்.

"இதை ஆபீஸ்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொல்ல வந்தேன் சார். நீங்கதான் கத்திக்கிட்டே இருந்தீங்க."

போன் அடித்தது. தலைவர்.

"என்னய்யா, மஞ்சளா மாத்தியாச்சா?"

"இல்ல சார். சிவப்புதான்."

"என்னது?"

"சிவப்பு! இந்த மாசமே காலி பண்ணணும். நான் கையெழுத்துப் போடறேன்."

"காலையில தலையை ஆட்டிட்டு இப்ப யாருகிட்டய்யா குரலை உசத்தறே? முழங்கால் தண்ணிதானேய்யா வரும்? அப்படி எவ்வளவுதான் வந்துடும்ங்கறே நீ?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த குழந்தையையும், அதன் உச்சந்தலைக்கு மேலே ஓடிய வெள்ளைக் கோட்டையும் பார்த்தபடியே தலைமைப் பொறியாளர் கத்தினார்:

"தலைக்கு மேல சார்!"