முப்பத்திரண்டாவது கைதி

மாலையில் கைதிகளை எண்ணும்போது கணக்கில் ஒன்று பிசகினாலும் கிளைச் சிறையின் வாசல் திறக்காது. காவலர்களும் உள்ளேதான் கிடக்க வேண்டும். பதிவில் முப்பத்தொரு பெண்கள். ஆட்களை எண்ணும் கூரைக் கருவியோ இரண்டு நாளாக முப்பத்திரண்டு என்றே சாதித்தது. திருட்டு வழக்கில் வந்த பேச்சிக்கு உள்ளேயே பெண் குழந்தை பிறந்திருந்தது.

அதுமுதல் வீடு போக முடியாத வார்டர் எஸ்தரின் சட்டை தாய்ப்பாலில் நனைந்திருந்தது. வீட்டில் அவள் பிள்ளைக்கு ஐந்து மாதம்.

“இவளையும் கைதியாப் பதிஞ்சுருங்க மேடம்,” என்றாள் பேச்சி. “அங்க உங்க புள்ள அழுதுக்கிட்டு இருக்கும்ல.”

எஸ்தர் பேச்சியின் குழந்தையின் பிஞ்சுப் பாதத்தைப் பதிவுத் திரையில் வைத்து அழுத்தினாள். குற்றம் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியவில்லை. தாயின் திருட்டையே அதிலும் போட்டாள். கதவு திறந்தது.

அவள் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து பேச்சி கேட்டாள்: “இவளுக்கு எத்தன வருஷம் மேடம்?”