விட்டுப்போன சுற்றுகள்

ஜெபராஜ் வீட்டிலேயே மரம் செதுக்கும் இயந்திரம் ஒன்றைக் கட்டினார். பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய மோட்டார் அதன் வெட்டும் முனையை நகர்த்தியது. கையகல மின்னணு போர்டு ஒன்று மோட்டாருக்கு உத்தரவு போட்டது.

"நூறு சுற்று," என்றது போர்டு.

வீட்டுப் பெயர் செதுக்க வைத்த பலகை தேக்கு. மோட்டார் சூடேறித் திணறியது.

"தொண்ணூறுதான் முடிஞ்சது சார். கொஞ்சம் பொறுங்க."

"நூறு சொல்லியாச்சு, நூறு ஆச்சு. அடுத்தது இருநூறு."

மோட்டார் நின்ற இடத்திலிருந்தே அடுத்ததைச் சுற்றியது. பலகையில் வீட்டின் பெயர் கோணலாக விழுந்தது. ஜெபராஜ் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். போர்டின் கணக்கில் ஒரு சுற்றும் குறையவில்லை. அவர் மோட்டாரைக் கழற்றி மேசை டிராயரில் போட்டார்.

உள்ளே ஏற்கெனவே ஒரு மோட்டார் கிடந்தது.

"எத்தனை சுற்று விட்டே?" என்று அது கேட்டது.

"பத்து."

"நான் நாலுதான்," என்று சொல்லி, அது ஒதுங்கி இடம் கொடுத்தது.