பதினோரு மணிச் சட்டை

அன்றைக்கும் பதினோரு மணி நாலு நிமிஷத்தோடு படங்கள் நின்றுவிட்டன.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்திருந்தவள் திரையை முறைத்தாள். இருநூறு கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவளுக்கு வீட்டில் இருக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டர் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

எல்லாம் அக்கா ஆரம்பித்து வைத்தது. புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிற இவள் கணவன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். இரண்டு வாரத்துக்கு முன் வந்துபோன அக்கா, சும்மா இருக்காமல் போன் போட்டு ஊதிவிட்டாள்.

"வீட்டுக்குள்ளயே உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு எதுக்குடி இஸ்திரி போட்ட சட்டை? பதினோரு மணி ஆனா டாண்ணு மாட்டிக்கிறாரு. எதுக்கும் ஒரு கண்ணு வச்சுக்கோ."

மறுநாளே வைத்தாள். நிமிஷத்துக்கு ஒரு தடவை அவன் திரையைப் படம் பிடித்து இவளுக்கு அனுப்பும் ஒரு சின்ன புரோகிராம். அவன் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று, அவன் பக்கம் அமைக்கும் புரோகிராமின் பெயரையே அதற்கும் சூட்டினாள். ஓடுகிற புரோகிராம்களின் பட்டியலைத் திறந்து பார்த்தால்கூடச் சந்தேகம் வராது. தன் கெட்டிக்காரத்தனம் அவளுக்கே பிடித்திருந்தது.

பதினொன்று வரை வந்த படங்களில் பக்க எண்களும் அடிக்குறிப்புகளும்தான். அதற்குமேல் ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டர் அணையவில்லை, இணையம் போகவில்லை. அந்தப் புரோகிராமை மட்டும் யாரோ நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், அது நின்றிருக்கிறது.

யாரோ என்ன யாரோ! ஆனால் மவுஸ் நகரவில்லை என்றாலே ஆஸ்பத்திரிக்குப் போன் போடுகிறவன் அவன். எந்தக் கோளாறுக்கு என்ன செய்வது என்று இவள் எழுதிக் கொடுத்த மஞ்சள் சீட்டுகள் திரையைச் சுற்றி இடம் இல்லாமல் ஒட்டியிருக்கின்றன. அப்படிப்பட்டவனுக்கு, மறைவில் ஓடுகிற ஒன்றைக் கண்டுபிடித்து நிறுத்தத் தெரியுமா?

எவளோ பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கிறாள். பன்னிரண்டு வருஷக் குடித்தனம். கையும் களவுமாகப் பிடிப்பது, அப்படியே அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தாள். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது பையில் நாலு செட் துணியும் இருந்தது.

பத்து நாற்பதுக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பினாள். சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினாள். உள்ளே ஒரு பெண் குரல். கூடவே அவன் சிரிப்பு.

"நீங்க சொல்லி நான் மாட்டேன்னு சொல்வேனா மேடம்?"

கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். மேலே இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கீழே சாயம் போன அரைக்கால் சட்டை. திரையில் தலை முழுக்க நரைத்த ஓர் அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "எழுபத்திரண்டாம் பக்கத்துல படம் ரெண்டு வரி கீழ இறங்கட்டும்" என்றாள். பதிப்பகத்து எடிட்டர் போலிருக்கிறது.

"அடடா, மறுபடியும் உறைஞ்சிடுச்சு. ரெண்டே நிமிஷம் மேடம்" என்று அவன் கட்டளை கொடுக்கிற ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, பக்கம் அமைக்கும் புரோகிராமின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினான்.

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. "இதை உங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவசரமாக மைக்கை அணைத்தான். "நீ எப்ப வந்தே? ஆஸ்பத்திரி இல்லையா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஓடிட்டிருக்கிற புரோகிராமைப் பேரைத் தட்டி நிறுத்தற வித்தை உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரு அவ?"

"எவ?"

"மழுப்பாதீங்க!"

அவன் ஒன்றும் புரியாமல் திரையோரத்திலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை உரித்து அவளிடம் நீட்டினான். அவளுடைய கையெழுத்தேதான். 'புரோகிராம் உறைஞ்சுபோனா இதைத் தட்டுங்க. பேர்ல தப்பு வரக் கூடாது. என்னென்ன நின்னதுன்னு வரிவரியா அதுவே சொல்லும். என்னைக் கூப்பிட வேண்டாம்!' கீழே சிரிக்கிற முகம் ஒன்றும் வரைந்திருந்தாள்.

"நீ போன வருஷம் எழுதிக்கொடுத்ததுதானே? மேடம்கூடப் பேசிக்கிட்டே பக்கத்தைக் காட்டினா தினமும் உறைஞ்சிடுது. இதைத் தட்டுவேன். நின்னுடும். மறுபடி திறந்துக்குவேன்."

பை தோளிலிருந்து நழுவி விழுந்தது.

"அப்ப இந்தச் சட்டை?"

"எடிட்டர் முன்னாடி பனியனோடவா உட்கார முடியும்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அக்காவை மனசுக்குள் நாலு வார்த்தை திட்டினாள். எப்பேர்ப்பட்ட மனுஷனை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று கூசிப்போனாள். பையைக் காலால் மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, "இருங்க, டீ போட்டு எடுத்துட்டு வரேன்" என்று திரும்பினாள்.

"டீ கிடக்கட்டும். ரெண்டு வாரமா உன்கிட்ட ஒண்ணு கேட்கணும்னு நினைச்சு நினைச்சு மறந்துபோறேன், இங்க வாயேன்." அவன் கறுப்புத் திரையில் விரலை வைத்தான். அங்கே நின்றுபோனவை என்று இரண்டு வரிகள் இருந்தன.

"நான் திறந்து வச்சது ஒண்ணுதான். அதே பேர்ல இன்னொண்ணும் சேர்ந்து நிக்குதே, அது யாரோடது?"