அடியில் தங்கிய சாட்சி

மூட்டை தூக்கும் சவரிமுத்துவுக்கு நெஞ்சு வலி. இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று பாதிக்கு மேல் அடைத்திருந்தது. அந்த அடைப்பை உரசிக்கொண்டு போன ஒரு வெள்ளை அணு பதறி, தனக்குள் மூடிக் கிடந்த மரபணுக்களை ஒவ்வொன்றாக இயக்கியது. அந்த மரபணுக்களைப் படிக்கத் தெரிந்தவர் பார்த்தால் அடைப்பின் சேதி புரியும்.

ஒரு காலையில் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுவும் ஒரு சிவப்பு அணுவும் சோதனைக் குழாய்க்குள் விழுந்தன.

"ஆளைக் காப்பாத்திடலாம்" என்றது வெள்ளை அணு.

"அண்ணே, டாக்டர் சீட்டுல கொழுப்பும் சர்க்கரையும்தான் பாக்கச் சொல்லி எழுதியிருக்கு." என்றது சிவப்பு அணு. " அதுக்கு, ரத்தத்துல மேல தெளிஞ்சு நிக்கிற தண்ணியே போதும். நம்மளை மிஷின்ல சுழல விட்டு அடியில தள்ளிருவாங்க."

"நான் நேர்ல பாத்தவன்டா."

"உங்களை யாரு கேட்டா?"

இயந்திரம் சுழன்றது. அணுக்கள் அடியில் படிந்தன. மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்துச் சோதித்தார்கள். கொழுப்பும் சர்க்கரையும் அளவாகவே இருந்தன. அடியில் கிடந்த மிச்சத்தை மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டார்கள்.

கிடங்கில் மேஸ்திரி அறிக்கையை வாங்கிப் படித்தார்.

"எல்லாம் நார்மல்னு போட்டிருக்கான். வலி கிலின்னு இனி வாயைத் திறக்காதே. லாரி நிக்குது பார்."

சவரிமுத்து குனிந்து முதல் சிமெண்ட் மூட்டையைத் தோளில் ஏற்றினார்.