பழுப்பு பேண்டின் பொற்காலம்

2012 கோடையில் எங்கள் ‘பழுப்பு’ ராக் பேண்டுக்கு நெய்வேலியில் இருந்த மவுசு வேறு யாருக்கும் இல்லை. நகரியத்து சர்ச் ஹாலில் மதியம் ஒத்திகை தொடங்கினால், குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் ஏறிக் குடும்பம் குடும்பமாக வந்துவிடுவார்கள். செல்போன்களைச் சுவரோரம் வரிசையாக வைப்பார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் கண்மூடி லயித்திருப்பார்கள்.

“நம்ம பாட்ட ரெக்கார்டு பண்றாங்கடா!” என்று டிரம்மர் சைமன்ராஜ் பூரித்துப்போவான்.

மூன்றாம் வருடம் கூட்டம் குறைந்தது. பாவம், ரசிகர்களை எதற்கு அலைய விடுவது என்று குறிஞ்சிப்பாடியிலேயே மண்டபம் பிடித்துக் கச்சேரி வைத்தோம். ஈ காக்கை வரவில்லை.

மறுநாள், முன்பெல்லாம் ஒரு ஒத்திகையையும் தவறவிடாத செவ்வந்தி அக்காவைக் குறிஞ்சிப்பாடிக் கடைத்தெருவில் மடக்கினேன்.

“ஏங்க்கா நேத்து வரல?”

அக்கா நெளிந்தார்.

“இப்பதான் எங்கூர்ல கரண்டு போறதே இல்லியே தம்பி. அப்பல்லாம் வூட்ல ஃபேன் ஓடாது, செல்லுல சார்ஜ் ஏறாது. உங்க நெய்வேலியிலதான் கரண்டு போவாது. அதான் புள்ளைய தூங்க வெக்க அங்க வந்தோம்.”

“அப்ப எங்க பாட்டு?”

“அதையும் பொறுத்துக்கினுதான் தூங்குனோம்!” என்றவர், என் முகத்தைப் பார்த்து இரங்கிவிட்டார்.

“விடுங்க தம்பி. மறுபடியும் கரண்டு கட்டு வராமலா போயிடும்?”