தாய்மாமன் முறைக்கு ஆறு

ஆற்றையும் சட்டப்படி ஓர் ஆளாக அறிவித்துவிட்டார்கள். அன்றிலிருந்து கரைக்கம்பத்து ஒலிபெருக்கியில் ஓர் ஆண்குரலில் மேன்மைதங்கிய ஆறே பேசும். பழங்குடிக் குடியிருப்பின் குழாயைத் திறப்பதும் மூடுவதும் அதன் விருப்பம். அங்கே குடியிருந்த மாசாணியின் மகள் கல்யாணத்தன்று மூடிவிட்டது. பந்திக்கு உலைவைக்க வழியில்லாமல் அவள் கம்பத்தடிக்குப் போனாள்.

"மீன்களுக்கே நீரோட்டம் போதவில்லை" என்றது ஆறு.

"மீனு வவுத்துல நான் ஏன் அடிக்கிறேன்? எனக்குக் கூடப்பொறந்தவன் இல்ல. நீயும் ஆளுதானாமே, தாய்மாமனா வந்து நில்லுண்ணா."

கம்பம் திகைத்தது. அதை யாரும் இதுவரை எந்த விசேஷத்துக்கும் அழைத்ததில்லை.

"எத்தன பேருக்குச் சமையல், தங்கச்சி?"

மாசாணி வீடு திரும்புமுன் குழாய் கொட்டியது. மீன்களின் பங்கில் குறையவில்லை. சொகுசு விடுதியின் நீச்சல்குளத்துக்குப் போன தண்ணீர்தான் நின்றது. பதறி ஓடிவந்த விடுதி மேலாளரிடம் கம்பம் சொன்னது: "நம்ம வீட்டுக் கல்யாணம் சார். சாப்பிட்டுட்டுப் போங்க."